சம்மதமானி

தினமும் காலையில் அந்தப் பெட்டிக்கு முதல் விரல் கொடுப்பவள் தமயந்திதான். பெட்டியைச் செய்து அனுப்பிய நிறுவனம் அப்படி ஒரு முறை வைத்திருந்தது. கருவி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க, தவறாமல் பச்சை விழும் என்று தெரிந்த ஓர் ஆளின் விரல் வேண்டும். மலையடிவாரத்து அரசு மருத்துவமனையின் அந்த ரத்த வங்கியில் அப்படிப்பட்ட ஆள் அவள் ஒருத்திதான். லேப் டெக்னீஷியனுக்கு ஒரு நாள் பச்சை விழும், ஒரு நாள் சிவப்பு விழும். நர்ஸம்மா வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தால் மத்தியானம் வரைக்கும் சிவப்புதான். தமயந்திக்கு மட்டும் மழையோ வெயிலோ பச்சை. பெங்களூருக்குப் போன புருஷன் இனிமேல் வரமாட்டேன் என்று குரல் செய்தி அனுப்பிய காலையிலும் பச்சை.

"உங்க விரலை ஃபிரேம் போட்டு மாட்டணும் மேடம்," என்பார் டாக்டர் அஸ்வத்.

அவள் பதில் சொல்வதில்லை. பஞ்சால் விரலைத் துடைத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுவாள். பேசாமல் இருப்பது அவளுக்குச் சிரமமே இல்லாத காரியம். ஆனால் உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது. ஊரில் இருக்கிற மனசெல்லாம் குப்பைக் கிடங்கு, தன்னுடையது மட்டும் கழுவிவிட்ட தரை என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய வேலைக்குக் கொடையாளர் ஆலோசகர் என்று பெயர். ரத்தம் கொடுக்க வருகிறவர்களைத் தனி அறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்பது. ராத்திரி தூங்கினீர்களா, காலையில் சாப்பிட்டீர்களா, மஞ்சள் காமாலை வந்ததுண்டா, பச்சை குத்தியிருக்கிறீர்களா, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா. வருகிறவர்கள் வாய் கூசாமல் பொய் சொல்வார்கள். நன்றாகத் தின்றுவிட்டு வந்தவன், கொடுக்க மனசில்லாமல், பட்டினி என்பான். தலைவர் பிறந்தநாள் முகாமுக்கு வருகிறவனோ பட்டினியோடு வந்து பிரியாணி சாப்பிட்டேன் என்பான். ஊசி ஏறுவதற்கு முன்னாலேயே கட்டைவிரலை உயர்த்திப் படம் எடுத்துக்கொள்வான். மச்சினிச்சி ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டால், அதுவரை இல்லாத சர்க்கரை நோய் ஒருத்தருக்கு அந்த நிமிஷமே வந்துவிடும். தமயந்தி ஒன்றும் சொல்லாமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த மௌனம் தாங்காமல் பாதிப் பேர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள். உண்மை பொய்யைவிடக் கேவலமாக இருக்கும்.

பிறகு சட்டம் வந்தது. ஒரு முகாமுக்கு விடுதி மாணவர்களைப் பேருந்தில் அடைத்து ஏற்றிப் போனார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அதே பையன்களிடம் வேறொரு தலைவருக்காக எடுத்திருந்தார்கள். ஒரு பையன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் வார்டன் விடவில்லை. அவன் ஊசி உருவின இடத்திலேயே சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. அரசாங்கம் ஒரு குழு போட்டது. கட்டாயப்படுத்தி யாரிடமும் ரத்தம் எடுக்கக் கூடாது, கொடுப்பவரின் சம்மதத்தை மனிதர்கள் சொல்வதை நம்பிப் பதிவு செய்யக் கூடாது என்று குழு சொன்னது. அப்படித்தான் சம்மதமானி வந்தது. விரலைக் குத்தி ஒரு சொட்டு எடுக்கும். ரத்தத்தில் ஓடுகிற சில ரசாயனங்களையும் நாடித் துடிப்பையும் சேர்த்துப் படித்து, இவர் மனசோடு கொடுக்கிறாரா இல்லையா என்று சொல்லும். பச்சை விழுந்தால்தான் ரத்தம் இழுக்கும் கருவியின் பூட்டுத் திறக்கும். மூன்று தடவைக்குள் பச்சை விழவில்லை என்றால் அந்த ஆளுக்கு ஒரு வருஷம் கதவு அடைப்பு. உள்ளே இருக்கிறவர்கள் ஏமாற்றக் கூடாதாம். அதற்காக வாசல் நிலைக்கு மேலே ஒரு விளக்கு. உள்ளே என்ன விழுகிறதோ அது வெளியேயும் எரியும்.

அந்த விளக்கை வைத்த அதிகாரி ஒரு நாளாவது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்றிருப்பாரா? சொந்தபந்தம் நாற்பது பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். மகனுக்காக உள்ளே போன அப்பாவுக்குச் சிவப்பு. பெண்டாட்டிக்காகப் போன புருஷனுக்குச் சிவப்பு. எத்தனையோ குடும்பங்கள் அந்த வாசலிலேயே இரண்டாகப் பிரிந்தன. 'செவப்பன்' என்று ஒரு வசைச் சொல்லே ஊரில் புழக்கத்துக்கு வந்துவிட்டது. வரன் பார்க்கும் செயலிகளில் மாப்பிள்ளைகள் பச்சைச் சீட்டைப் படம் பிடித்துப் போட்டார்கள்.

இந்தச் சட்டத்தின்படி 'சம்மதமா' என்று கேட்பதற்கு ஆலோசகருக்கு உரிமை கிடையாது. அப்படிக் கேட்பதே ஒரு நிர்ப்பந்தமாம். தமயந்தி அதைப் பற்றி வருத்தப்படவில்லை. மனிதர்களைப் பற்றித் தான் இத்தனை வருஷம் வைத்திருந்த அபிப்பிராயத்தை ஒரு இயந்திரம் வந்து உறுதி செய்ததில் அவளுக்குத் திருப்திதான்.

ஒரு நாள் முற்பகலில் மிருதுளா என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. அவளுக்குப் பாம்பே குரூப். லட்சத்தில் சில பேருக்குத்தான் அந்த வகை இருக்கும், வேறு எந்த ரத்தமும் சேராது. கோயம்புத்தூரில் ஒரு பை இருந்தது. டிரோனில் ஏற்றி அனுப்பினாலும் மலைக்காற்று அடங்கிய பிறகுதான், சாயங்காலம் வந்து சேரும். அதுவரை தாங்காது. இப்போது ஒரு பை ஏற்றினால் ஆபரேஷன் தியேட்டரில் தைரியமாகக் கத்தி வைக்கலாம் என்றார்கள். உடன்பிறந்தவர்களுக்குப் பொருந்த வாய்ப்புண்டு. மிருதுளாவுக்கு ஒரே ஒரு அண்ணன், கவின்.

அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் பேச்சு வார்த்தை கிடையாது என்பது தாழ்வாரம் முழுக்கத் தெரிந்திருந்தது. அப்பன் வீட்டில் பங்கு கேட்டு அவள் வழக்குப் போட்டிருந்தாள். லேபர் வார்டு நர்ஸ் அண்ணனைப் பற்றிக் கேட்டபோது, "அவனக் கூப்பிடாதீங்க சிஸ்டர்" என்றுதான் மிருதுளா சொன்னாளாம். பிறகு மயக்கம். எவ்வளவு பகை பாருங்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

இருந்தாலும் கூப்பிட்டார்கள். அவனும் வந்தான். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு டிரோனில் மருந்து அடிக்கிறவன். மருந்து வாடை அடிக்கும் சட்டையோடு, கலைந்த தலையோடு தமயந்தியின் முன்னால் வந்து உட்கார்ந்தான். நெற்றியில் வேர்வை. கண்ணை நிமிர்த்தவில்லை. இவனும் ஒருவன் என்று தமயந்தி நினைத்தாள். வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லில் பதில். எடை சரி, ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், ஹீமோகுளோபின் நன்று, தொற்று எதுவும் இல்லை. வகையும் பொருந்தியது. இத்தனை சுத்தமான ரத்தம் இந்த மூஞ்சிக்குள் ஓடுகிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

பெட்டியில் விரலை வைத்தான். பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. சிவப்பு.

வெளியே அந்த விளக்குக்காகவே காத்திருந்தது போல ஒரு சத்தம் எழுந்தது.

"பாத்தியாடி! நான் சொன்னேன்ல?" என்று மிருதுளாவின் மாமியார் செல்வராணியின் குரல் கதவைத் தாண்டி வந்தது. "தாய்மாமன் மடியில வச்சுத்தான் காது குத்தணுமாம், அதுக்கெல்லாம் மொத ஆளா வந்து உக்காருவாக. ஒரு பாட்டில் ரத்தம் குடுக்க மனசு வரல. தங்கச்சி செத்தா வீடு முச்சூடும் இவனுக்குத்தான?"

அதைவிடப் பெரிதாக மிருதுளாவின் புருஷன் லோகித் அழுதான். துபாயில் இருக்கும் சித்தப்பாவை வீடியோவில் பிடித்து, வாசல் விளக்கை நோக்கி போனைத் திருப்பி, "பாருங்க சித்தப்பா, செவப்பு! எம் பொண்டாட்டி உள்ள உசுருக்குப் போராடுறா, இவன் செவப்பு காட்டுறான்" என்று விம்மினான். போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்த கை ஆடாமல் இருந்தது.

கவின் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. வெளியே கேட்டது அவன் காதில் விழாத மாதிரி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கமாகச் சிவப்பு விழுந்தவர்கள் பின்வாசல் வழியாக நழுவிவிடுவார்கள். அதற்காகவே ஒரு பின்வாசல் திறந்து வைத்திருந்தார்கள். தமயந்தி அதைக் காட்டினாள்.

"அங்க வழி இருக்கு."

"இன்னொரு தடவ வைக்கிறேன் மேடம்."

"எத்தனை தடவை வச்சாலும் உள்ள இருக்கறதுதான் தெரியும்."

அவன் தலையாட்டினான். போகவில்லை. தமயந்தி தன் வழக்கமான ஆயுதத்தை எடுத்தாள், பேசாமல் அவனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். எல்லாரும் அந்த மௌனத்தில் உளறுவார்கள். இவன் உளறவில்லை. இவனும் பேசாமல் இருந்தான். சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. தியேட்டரிலிருந்து போன் வந்தது, ரத்தம் என்ன ஆயிற்று என்று கேட்டு. பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லி வைத்தாள். அந்த மௌனத்தில் முதலில் தோற்றவள் அவள்தான்.

"உங்களுக்குக் குடுக்க இஷ்டமா இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். சட்டம் வந்த நான்கு வருஷத்தில் அவள் கேட்ட முதல் சட்டவிரோதமான கேள்வி.

கவின் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தான். "இஷ்டம்னு எப்புடிச் சொல்றது மேடம். ஊசின்னா எனக்கு அடிவயிறு கலங்கிரும். சின்ன வயசுல அம்மையூசி போட வந்தாகன்னு கெணத்துக்குள்ள எறங்கி ஒளிஞ்சிருக்கேன். மிருதுதான் காட்டிக் குடுக்காம, மேல நின்னுக்கிட்டே எனக்குச் சோறு எறக்குனா. இப்பவும் ரத்தத்தப் பாத்தா விழுந்துருவேன். கையில வெட்டுப்பட்டா கண்ண மூடிக்கிட்டுத்தான் கட்டுப் போடுவேன்."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"அதென்ன மேடம் கேள்வி. எந்தங்கச்சி." கையை மேஜை மேல் நீட்டினான்: "கட்டிப்போட்டு எடுங்க. கண்ணையுங் கட்டிருங்க. கத்துனா வாயில துணிய வைங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்."

தமயந்திக்கு லேபர் வார்டு நர்ஸ் சொன்னது ஞாபகம் வந்தது. அவனைக் கூப்பிடாதீர்கள் என்று அந்தப் பெண் சொன்னது பகையில் இல்லை.

அப்போது டாக்டர் அஸ்வத் உள்ளே வந்தார். மேஜை மேல் பெட்டி காட்டிய சிவப்பைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தமயந்தி கேட்டாள்:

"டாக்டர், இந்தப் பெட்டிக்கு மனசுன்னா என்னன்னு யார் சொல்லிக் குடுத்தா?"

"புரியல மேடம்."

"எதைப் பாத்து இது கத்துக்கிச்சு? விருப்பம் இருக்கறவன், இல்லாதவன்னு ரெண்டு பேரைக் காட்டித்தானே பழக்கியிருப்பாங்க?"

"ஆமா. ஒரு ஐ.டி. கம்பெனி முகாம்ல செஞ்சாங்க. வந்த எல்லார்கிட்டயும் முதல்ல விரல்ல ஒரு சொட்டு எடுத்து வச்சுக்கிட்டாங்க. கடைசி வரைக்கும் படுத்துக் குடுத்தவங்க எல்லாம் விருப்பமுள்ளவங்க."

"விருப்பமில்லாதவங்க?"

"பெரிய ஊசியப் பாத்ததும் எந்திரிச்சு ஓடினவங்க."

தமயந்தி அவரையே பார்த்தாள்.

"வேற என்ன மேடம் செய்ய முடியும்? நிஜமாவே ஒருத்தரைக் கட்டாயப்படுத்தி உக்கார வச்சு சோதனை பண்ணினா அது குத்தமில்லையா? அதுக்கு அனுமதி குடுப்பாங்களா?"

"அப்போ பயந்துக்கிட்டே ஓடாம உக்காந்திருக்கறவன்?"

"அப்படி ஒரு ஆள் அவங்க முகாமுக்கு வரல போல," என்றார் அஸ்வத். சொன்ன பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. கவினைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

"அப்ப பச்சைன்னா பயமில்லைன்னு மட்டுந்தான் அர்த்தம்."

"பயம், பதட்டம், துடிப்பு எதுவும் இல்லைன்னு அர்த்தம்."

"அக்கறை இல்லாதவனுக்கும் அதெல்லாம் இருக்காதே?"

"பெட்டிக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

"இது உங்களுக்கு எப்போலேர்ந்து தெரியும்?"

"பயிற்சிக்குப் போனப்பவே. பாடப் புத்தகத்துல சின்ன எழுத்துல போட்டிருந்துச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நூத்துல நாலு பேருக்குத் தப்பா விழும்னு ஏத்துக்கிட்டுத்தான் சட்டம் போட்டாங்க. நாம என்ன செய்ய முடியும்? நான் தியேட்டர் பக்கம் போய்ட்டு வர்றேன். நான் இல்லாத நேரத்துல இங்க என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. சரியா?"

போய்விட்டார். அவருடைய தைரியம் எப்போதும் காலில்தான் இருந்தது.

இந்த வாசலில் உடைந்துபோன குடும்பங்களை எண்ணிப் பார்க்கத் தமயந்தி முயன்றாள். மகனுக்காக வந்து சிவப்பு விழுந்த அந்தத் தகப்பனை அவள் எப்படிப் பார்த்தாள்? செருப்பில் ஒட்டியதைப் பார்ப்பது போல. அவர் பின்வாசல் வழியாகப் போனார். பிறகு அந்த வீட்டில் அவரோடு யாரும் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அது மட்டுமா. தினமும் காலையில் தவறாமல் விழுந்த தன் பச்சை. கழுவிவிட்ட தரை என்றல்லவா நினைத்தாள். அங்கே குடியிருக்கவே யாரும் இல்லை போலிருக்கிறது.

பரவாயில்லை, இன்று அந்தப் பச்சையாவது ஒரு காரியத்துக்கு உதவட்டும். எழுந்து போய்க் கதவைத் தாழிட்டாள். கவினின் கொடையாளர் எண் பெட்டியின் திரையில் அப்படியே இருந்தது. பெட்டி யார் விரல் என்று பார்க்காது, ரத்த வகையையும் பார்க்காது. எண்ணை மட்டும் நம்பும். பிடிபட்டால் வேலை போகும், ஜெயிலும் உண்டு.

"மேடம், என்ன செய்றீங்க?"

"பேசாம இருங்க. என் விரல் தப்பாது."

ஊசி குத்தியது. அவள் கண் முன்னால் கிணற்றின் விளிம்பில் நின்று சோற்றுத் தூக்கை இறக்கும் ஒரு சிறு பெண் வந்தாள். அந்தப் பெண்தான் நாலு சுவர் தாண்டி வெளுத்துப்போய்க் கிடக்கிறாள். இது விழாவிட்டால் என்ன செய்வது என்று தமயந்தி நினைத்தாள். நெஞ்சில் எதுவோ திடும் திடும் என்று இடித்தது. அது என்ன என்று அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

சிவப்பு.

அவள் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடையதோ என்பது போல.

வெளியே இரண்டாவது சிவப்பைப் பார்த்துவிட்டார்கள். தாழ்வாரமே பொங்கியது. "நெஞ்சுல ஈரமே இல்லாத பயலா இருக்கானே!" என்று யாரோ ஒரு கிழவர் சத்தம் போட்டார். கதவு தடதடத்தது. இன்னும் ஒரே ஒரு தடவை மிச்சம். யார் விரலை வைப்பது? டெக்னீஷியனுக்கு வேலை போகிற பயம் வரும். நர்ஸுக்கு நடுங்கும். வாட்ச்மேன் நல்ல மனிதர். அவரும் தேற மாட்டார். இந்தக் கட்டடத்தில் எதற்கும் கலங்காத ஒரே ஆள் என்று பேர் வாங்கினவள் இப்போது சிவப்பாகிவிட்டாள்.

கதவு உடைந்துவிடும் போலிருந்தது. தாழை எடுத்தாள். லோகித் புயல் மாதிரி உள்ளே வந்தான். நேராகக் கவினின் சட்டையைப் பிடித்தான்.

"மச்சான்னு இத்தன நாள் மரியாத குடுத்தேன்டா உனக்கு. ரெண்டு தடவ! ரெண்டு தடவ செவப்பு!"

"மாப்ள, கைய எடுங்க. நாங் குடுக்கத்தான் வந்தேன்."

"நீயா குடுக்க வந்த? மனசுன்னா என்னன்னு தெரியுமா உனக்கு? காட்டவா? எம் பொண்டாட்டிக்கு எம் மனசு எப்புடி இருக்குன்னு இந்தப் பெட்டியே சொல்லும், பாக்குறியா?" என்று பெட்டிப் பக்கம் திரும்பினான்.

தமயந்தி பதறிப்போனாள். உள்ளே பெண்டாட்டி சாகக் கிடக்கிற நேரத்தில் எந்தப் புருஷனுக்குப் பச்சை விழும்? கடைசி வாய்ப்பும் இவன் வீறாப்பில் தொலையப் போகிறது.

"வேணாம்! கைய எடுங்க!" அவள் கத்தி யாரும் கேட்டதில்லை.

"மாப்ள, வேணாம்," என்று கவினும் கெஞ்சினான். "ஒங்களுக்கும் நடுங்கத்தான செய்யும். ஒங்களுக்கும் செவப்புதான் விழும். கும்புடுறேன், வைக்காதீங்க."

லோகித் வைத்துவிட்டான்.

பெட்டி வழக்கமாகக் கொஞ்ச நேரம் முனகும். இந்தத் தடவை முனகவேயில்லை. விரல் பட்டதும் பச்சை.

அந்தப் பக்கத்து மேஜையில் ரத்தக் கருவியின் பூட்டு டக்கென்று திறந்தது. வெளியே கைதட்டல் கேட்டது. லோகித் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இருவரையும் பார்த்தான். "பாத்தீங்களா? பாத்தீங்களா மேடம்? நொடியில!"

தமயந்தியும் கவினும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். டாக்டர் சொன்னதைக் கேட்டவர்கள் அந்த அறையில் அவர்கள் இரண்டு பேர்தான். கவினின் முகம் மாறியது. அவன் அந்தப் பச்சையைப் பார்த்தான், பிறகு தங்கச்சியின் புருஷனைப் பார்த்தான், பிறகு மறுபடியும் பச்சையைப் பார்த்தான்.

"நீங்க வெளில இருங்க," என்றாள் தமயந்தி லோகித்திடம். "நீங்க இங்க இருந்தா ரத்தம் உறைஞ்சு போயிரும்."

அவன் அதை மருத்துவம் என்று எடுத்துக்கொண்டு பயபக்தியோடு வெளியே போனான்.

கவினைப் படுக்கவைத்தார்கள். டெக்னீஷியன் பெரிய ஊசியை எடுத்ததும் அவனுக்கு உதடு வெளுத்தது. கண்களை இறுக மூடிக்கொண்டு, "மேடம், ஏதாச்சும் பேசிக்கிட்டே இருங்க," என்றான். "சத்தம் கேட்டுக்கிட்டு இருந்தா விழ மாட்டேன்."

என்ன பேசுவது? மனிதர்களோடு பேசுவதற்கு அவளிடம் என்ன இருந்தது? யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் தனக்குத் தெரிந்ததையே தொடங்கினாள்.

"ராத்திரி தூங்கினீங்களா?"

"தூங்குனேன்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ரெண்டு பரோட்டா. ஐயோ. குத்தியாச்சா?"

"இன்னும் இல்ல," என்று பொய் சொன்னாள். குழாயில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. "மஞ்சக் காமாலை வந்துருக்கா?"

"இல்ல."

"பச்சை குத்திருக்கீங்களா?"

"அதுக்கு ஊசி வேணும்ல மேடம்?"

டெக்னீஷியன் சிரித்துவிட்டார். தமயந்தி சிரிக்கவில்லை, ஆனால் கேள்விகளை நிறுத்தவும் இல்லை. பட்டியல் முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து கேட்டாள். அவனும் அலுக்காமல் திரும்பச் சொன்னான். பை நிறைந்து ஊசியை உருவியபோது அவன் மயங்கிவிட்டான். கால் பக்கம் உயர்த்தி வைத்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, கண் திறக்கும் வரை அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாடி ஒழுங்கானபோது பை தியேட்டருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

சாயங்காலம் கோயம்புத்தூர்ப் பையும் வந்து இறங்கியது. மிருதுளா பிழைத்துக்கொண்டாள்.

தாழ்வாரத்தில் அதற்குள் கதை முடிவாகிவிட்டது. செவப்பன் மசியவில்லை, மாப்பிள்ளை உள்ளே போய் அவன் சட்டையைப் பிடித்த பிறகுதான் வழிக்கு வந்தான், மாப்பிள்ளை மனசைப் பார்த்துப் பெட்டியே பச்சையாகிவிட்டது. செல்வராணி வருகிறவர்களுக்கெல்லாம் அதைச் சொல்லி, "எம்புள்ள மனசு பால் மாதிரி," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். லோகித் பச்சைச் சீட்டு கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பினான்.

கவின் பின்வாசல் படியில் உட்கார்ந்து பழச்சாற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தான். தமயந்தி அவன் பக்கத்தில் வந்து நின்றாள். மலை மேல் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. இருவரும் வெகுநேரம் பேசவில்லை. அந்த மௌனத்தில் யாரும் யாரையும் சோதிக்கவில்லை.

"தங்கச்சியைப் பாத்தீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"முழிச்சதும் பாத்தேன். ஊசி போட்டாங்களாண்ணேன்னு கேட்டு அழுகுறா." டம்ளரைக் கீழே வைத்தான். "மிருதுகிட்ட ஒண்ணுஞ் சொல்லிராதீங்க மேடம்."

"எதைச் சொல்லக் கூடாது? உங்களுக்குச் சிவப்பு விழுந்ததையா, அவருக்குப் பச்சை விழுந்ததையா?"

கவின் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொதல்ல சொன்னத வேணும்னா சொல்லிக்கங்க," என்றான்.

மறுநாள் காலையில் வழக்கம் போல டெக்னீஷியன் பெட்டியைத் துடைத்து வைத்தார். தமயந்தி விரலை வைத்தாள். சிவப்பு. இன்னொரு முறை வைத்தாள். சிவப்பு.

"அடடா," என்றார் டாக்டர் அஸ்வத். நேற்று நடந்தது எதுவும் தெரியாத முகம். "பெட்டி கெட்டுப் போச்சா? கம்பெனிக்கு எழுதட்டுமா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. என் விரல்தான் கெட்டுப் போச்சு."

"அப்ப தினமும் காலையில யார் விரலை வைக்கிறது மேடம்? நம்பகமான பச்சை ஒண்ணு வேணுமே. அது இல்லாம இன்னிக்கு வேலையே ஆரம்பிக்க முடியாது."

தமயந்தி பஞ்சால் விரலைத் துடைத்தபடி கதவுக்கு வெளியே பார்த்தாள். நிலைக்கு மேலே இருக்கும் விளக்கு பின்னணியில் தெரியும்படி நின்று, தலையை ஒதுக்கிவிட்டுக்கொண்டு, லோகித் தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அதோ நிக்கிறார் பாருங்க," என்றாள். "சம்சாரம் டிஸ்சார்ஜ் ஆகிற வரைக்கும் இங்கதான் இருப்பார். அவரைக் கூப்பிட்டுக்கங்க, தப்பவே தப்பாது."

டெக்னீஷியன் போய்ச் சொன்னதும், லோகித் சட்டைக் கையை மடித்துக்கொண்டே ஓடிவந்தான்.